பிரிசம் கண்ணாடி என்று 18,500 ரூபாயைத் தொலைத்த கதை – கண்ணாடிக் கடையில் அளவெடுக்காதீர்கள்

நேற்று சாயங்காலம் ஐந்தாவது முறையாக அந்தக் கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பெயர் சொல்லப்போவதில்லை. ஏசி போட்டு, வாசலில் ‘கண் பரிசோதனை இலவசம்’ என்று பலகை வைத்த மூக்குக்கண்ணாடிக் கடை. உங்கள் ஊரிலும் நாலு இருக்கும்.

அப்பாவுக்கு 63 வயது, பத்து வருஷமாகச் சுகர். போன மாதம் ஒருநாள் காலையில் வாசலுக்குப் போனவர், பால்காரர் இரண்டு பேராகத் தெரிகிறார் என்றார். ஒரு கண்ணைப் பொத்தினால் ஒன்றாகிவிடுகிறது. வலது பக்கம் பார்த்தால் இரண்டும் இன்னும் விலகுகின்றன. பேப்பர் படிக்கும்போது அவ்வளவு தொந்தரவு இல்லை. பவர் மாறியிருக்கும் என்று நானே முடிவுகட்டி, நாலாம் நாள் அந்தக் கடைக்குக் கூட்டிப்போனேன். அந்த முட்டாள்தனம் என்னுடையதுதான்.

வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பையன், “உட்காருங்க ஐயா” என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். தாடையை வைத்துப் பார்க்கும் மெஷினில் தூரத்தில் ஒரு பலூன் தெரியுமே, அதைக் காட்டினான். அப்பா அவனை “டாக்டர் தம்பி” என்றார். அவன் இல்லை என்று சொல்லவில்லை. அப்புறம் சோதனை ஃப்ரேமை மாட்டிவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு எழுத்து அட்டையைப் பிடிக்கச் சொல்லி, பெட்டியிலிருந்து பிரிசம் வில்லைகளை ஒவ்வொன்றாகச் செருகினான். பள்ளியில் முப்பட்டகம் என்று படித்தோமே, அதேதான்; ஒளியை வளைத்து, இரண்டாகத் தெரிவதை ஒன்றாகச் சேர்க்கும். “இப்ப ஒண்ணாயிடுச்சா ஐயா?” “ஆயிடுச்சு தம்பி!” நாலு நாளாக இறுகிக் கிடந்த முகம் மலர்ந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் கார்டை நீட்டினேன். மொத்த அளவு எட்டு பிரிசம் (அளவுக்கும் அதே பெயர்தான்), கண்ணுக்கு நாலு. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே வில்லையான ப்ரோக்ரஸிவ், உயர் ரக லென்ஸ், ஃப்ரேம் எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய். முழுப் பணமும் முன்கூட்டியே.

ஒரு வாரத்தில் கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால் ஆட்டோ இன்னும் இரண்டாகத்தான் வருகிறது.

“கண்ணு பழகணும் மேடம், பதினஞ்சு நாள் ஆகும்” என்றார்கள். பிறகு, “ஐயாதானே ஒண்ணாத் தெரியுதுன்னு சொன்னாரு?” அடுத்த முறை ஓனர் வெளியூர். அதற்கடுத்த முறை, “பவர் போட்ட கண்ணாடியைத் திரும்ப எடுக்கறதில்லை.” நேற்று, அடுத்த கண்ணாடிக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி தருகிறார்களாம். அடுத்த கண்ணாடியாம்!

நடுவில் கண் மருத்துவமனைக்குப் போனோம். அங்கேதான் அளவெடுப்பது என்றால் என்னவென்று பார்த்தேன். ஆறு மீட்டர் தள்ளி ஒரு எழுத்தைப் பார்க்கச் சொல்லி, இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மூடினார் அங்கே பரிசோதித்த அம்மா. மூடியதை எடுக்கும்போதெல்லாம் கண் துள்ளி நேராகிறது. வில்லைகள் வரிசையாகப் பதித்த ஒரு பட்டையைக் கண் முன்னால் நகர்த்தி, அந்தத் துள்ளல் எந்த வில்லையில் நிற்கிறது என்று பார்த்தார். அப்பா வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. அப்புறம் சிவப்பு வரிவரியான ஒரு கண்ணாடி. அதன் வழியே பார்த்தால் விளக்கு ஒரு சிவப்புக் கோடாகத் தெரியுமாம். நேராக, வலம், இடம் என்று ஒவ்வொரு திசையிலும், கிட்டத்திலும் தூரத்திலும் தனித்தனி அளவு.

கிட்டத்தில் எட்டு. தூரத்தில் இருபது!

ஒரு பிரிசம் என்பது ஒரு மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் விலகல். இருபது என்றால் ஆறு மீட்டரில் 120 சென்டிமீட்டர். கடைக்காரன் கொடுத்த எட்டு அதில் 48-ஐத்தான் சரிக்கட்டும். மிச்சம் 72 சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு ஆட்டோ வராமல் என்ன செய்யும்? வலது கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் தசைக்குப் போகிற ஆறாவது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது, சுகரால் வருவதுண்டு, தூரப் பார்வையில்தான் விலகல் அதிகம் என்றார் டாக்டர். பெரும்பாலும் சில மாதங்களில் தானே சரியாகும். அளவு மாறிக்கொண்டே இருக்கும்போது யாராவது கண்ணாடியில் பிரிசத்தைக் கடைந்து போடுவார்களா என்று கேட்டார். ரெண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது இருபது பதினாலாகியிருந்தது. இப்போதைக்குப் பழைய கண்ணாடியின் வலது பக்கம் மருந்துக்கடை ஒட்டுப்பட்டை ஒட்டியிருக்கிறது. நாற்பது ரூபாய். 18,500 பீரோவில் தூங்குகிறது.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்பாவுக்கு மாத்திரை நேரம் ஆகிவிட்டது, அதனால் சுருக்கமாக. திடீரென்று இரண்டாகத் தெரிந்தால் கடைக்கு இல்லை, அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். தலைவலியோ இமை தொங்குவதோ சேர்ந்திருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளாதீர்கள். பலூன் மெஷின் பவரைத்தான் சொல்லும், கண் எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லாது. தூரத்தில் அளக்காமல் பிரிசம் எழுதினால் எழுந்து வந்துவிடுங்கள். முழுப் பணம் கட்டாதீர்கள். பில்லை அங்கேயே படித்துப் பாருங்கள். நான் நேற்று ராத்திரிதான் படித்தேன். ‘ப்ரோக்ரஸிவ் லென்ஸ் ஒரு ஜோடி, ஃப்ரேம் ஒன்று’ என்று போட்டிருக்கிறது. பிரிசம் என்ற வார்த்தையே அதில் இல்லை.