பாடசாலைக்கு ஒரு ஸ்பேசர்: எதைப் பார்த்து வாங்குவது?

தை, மாசியில் நுவரெலியா, ராகலைப் பக்கம் காலைக் கூட்டத்தில் நிற்கும் பிள்ளைகளின் வாயிலிருந்து மூச்சு ஆவியாக வரும். தேயிலைத் தோட்ட லயத்து விறகடுப்புப் புகையில் இரவெல்லாம் இருமிய பிள்ளைக்கு அந்தக் குளிர்காற்றே போதும், இழுப்பு (ஆஸ்துமா) வந்துவிடும். கிளினிக்கில் தந்த நீல பம்ப் (மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலர்) பையில்தான் இருக்கும். ஆனால் அதை அமுக்கும் நொடியிலேயே மூச்சையும் இழுக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது வராது. மருந்து நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும். "பம்ப் அடிச்சும் கேக்கலையே" என்று டீச்சர் பதறுவது பெரும்பாலும் இதனால்தான்.

ஸ்பேசர் என்பது பம்புக்கும் வாய்க்கும் இடையே பொருத்தும் பிளாஸ்டிக் குழாய். அடித்த மருந்து அதற்குள் நிற்க, பிள்ளை ஆறுதலாக மூச்சிழுக்கலாம். வால்வும் முகமூடியும் உள்ள ஸ்பேசர் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. பம்ப் பாவிக்கும் பிள்ளை இருக்கும் ஒவ்வொரு ஆரம்பப் பிரிவிலும், அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒன்றாக, இது இருந்தே ஆக வேண்டும்.

பம்பைக் குலுக்குங்கள். புதியது, சில நாள் தொடாதது என்றால் முதல் இரண்டு அடியை வெளியே விடுங்கள். குளிரில் கிடந்திருந்தால் கைக்குள் பொத்திச் சூடேற்றுங்கள். ஸ்பேசரில் ஒரு அடி, பிள்ளை சாதாரணமாக ஐந்தாறு மூச்சு. அரை நிமிடத்துக்குப் பிறகு அடுத்தது. இரண்டு அடியைச் சேர்த்து விட்டால் மருந்து குழாய்க்குள்ளேயே ஒட்டி வீணாகும். அவசரத்தில் இப்படிப் பத்து அடி வரை கொடுக்கலாம். பேச முடியாமல் திணறினால், விலா உள்வாங்கினால், உதடு நீலித்தால் பத்து அடியும் முடியும் வரை காத்திராமல் உடனே 1990ஐ அழையுங்கள். தோட்டப் பாதையில் அம்புலன்ஸ் ஏறிவர நேரமெடுக்கும்.

வாங்கும்போது முகமூடியின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். மெத்தென்ற சிலிக்கன் கன்னத்தில் பதியும். விறைத்த பிளாஸ்டிக்கில் இடைவெளி விழுந்து மருந்து வெளியேறும். வால்வு ஒவ்வொரு மூச்சுக்கும் அசைவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். பம்ப் செருகும் பக்கம் ரப்பராக இருந்தால் பெரும்பாலான பம்புகள் பொருந்தும். முகமூடியில்லாமல் வாயில் வைத்து இழுக்கப் பழகிய பிள்ளைக்கு அதுவே நல்லது. ஒருவருடையதை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது.

இதன் பெரிய குறை கழுவுவதில் இருக்கிறது. துணியால் உள்ளே துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும். பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் நனைத்தெடுத்து, துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். மூடுபனி நாளில் இரவு முழுக்க வைத்தாலும் ஈரம் இருக்கும். வெள்ளி மாலை கழுவுவதே வசதி.

பணமில்லையா? 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் துளை இட்டால் அதுவும் ஸ்பேசர்தான். கேப் டவுனில் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், பிள்ளைகளுக்கு இது கடைச் சரக்குக்கு ஈடாகவே வேலை செய்தது.

டீச்சர்மார் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று: மருந்துக்குப் பின் பிள்ளையின் கை நடுங்கலாம், நெஞ்சு படபடக்கலாம், ஓரிடத்தில் இருக்க முடியாமல் போகலாம். அது மருந்தின் வேலை. "சும்மா இரு" என்று அதட்டாதீர்கள், அந்த நேரம் எழுத்து வேலையும் கொடுக்காதீர்கள். முகமூடியைக் கண்டு மிரளும் பிள்ளைக்கும், ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கும், இழுப்பு இல்லாத நாளிலேயே அதைக் கையில் கொடுத்துப் பழக்குங்கள். முதலில் டீச்சர் தன் முகத்தருகே பிடித்துக் காட்டி, இருவரும் சேர்ந்து ஐந்து வரை எண்ணலாம்.

அதிபர் அறையில் பூட்டி வைக்க வேண்டாம். பிள்ளை மைதானத்துக்கு இறங்கினால் பம்பும் ஸ்பேசரும் கூடவே இறங்க வேண்டும்.