டிஐ-84 பிளஸ் சிஇயா, காசியோ சிஜி50யா: சைன், காஸ் எதில் துல்லியம்?

அக்கா மகன் இந்த வருடம் தொடக்கக் கல்லூரிக்குப் போகிறான். "மாமா, டிஐ வாங்கவா, காசியோ வாங்கவா? எதில் சைன், காஸ் துல்லியமாக வரும்?" என்று கேட்டான். ஜிசி, அதாவது வரைபடம் போடும் கணிப்பான், வாங்கப் போகிறவர்கள் விலையையும் திரையையும்தான் விசாரிப்பார்கள். இவன் இப்படிக் கேட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இரண்டுமே திரையில் 10 இலக்கம் காட்டும். உள்ளே டிஐ 14 இலக்கம் வைத்துக்கொள்கிறது, காசியோ 15. டிஐயில் ஒளிந்திருப்பதைப் பார்க்க, π-யிலிருந்து 3.141592653-ஐக் கழியுங்கள்: 5.898×10⁻¹⁰ வரும். அதன் π 3.1415926535898-உடன் முடிந்துவிடுகிறது. தொடக்கக் கல்லூரியின் எச்2 கணிதப் பாடத்தில் கேட்பது 3 முக்கிய இலக்கம், பாகைக் கோணம் என்றால் ஒரு தசம இடம். அந்தப் பதினைந்தாவது இலக்கத்தால் யாருக்கும் மதிப்பெண் கூடிவிடாது.

எல்லையைத் தொடும்போதுதான் இரண்டின் குணமும் தெரியும். ரேடியனில் 10¹²-க்குக் குறைவான எந்த எண்ணுக்கும் டிஐ சைன் சொல்லும். காசியோ 5×10⁷π வரைதான், அதாவது சுமார் 157 மில்லியன். அதைத் தாண்டினால் பிழை என்று சொல்லி நின்றுவிடும். 10¹¹ அளவுள்ள எண்ணை 14 இலக்கத்தில் எழுதினால் புள்ளிக்குப் பின்னால் இரண்டே இடம் மிஞ்சும். முந்தைய கணக்கிலிருந்து வந்த எண்ணாக இருந்தால், அதன் சைனில் இரண்டு இலக்கத்துக்கு மேல் நம்ப முடியாது. காசியோ நிறுத்துகிற இடத்திலோ இன்னும் ஆறு தசம இடம் கையில் இருக்கிறது. இந்த விஷயத்தில் என் ஓட்டு காசியோவுக்கு.

பழைய எச்பி 50ஜி கணிப்பான் வேறு ரகம். தோராய முறையில் சைன் π கேட்டால் −2.06761537357×10⁻¹³ என்னும். காசியோ 0 என்னும். எச்பி சொல்வது தவறில்லை. 12 இலக்கத்துக்கு முழுமையாக்கிய π உண்மையான π-யைவிடத் துளி பெரியது, அந்த எண்ணின் சைன் அதுவேதான்.

சரி, எதை வாங்குவது? கல்லூரியில் ஆசிரியர் எதை அழுத்திக் காட்டுகிறாரோ அதை. அப்புறம், சிங்கப்பூர் தேர்வு, மதிப்பீட்டுக் கழகத்தின் அனுமதிப் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

அவனிடம் ஒரு கணக்கு மட்டும் கொடுத்தேன். ரேடியனில் θ = 10⁻⁸ என்று வைத்து (1 − காஸ் θ)/θ² போடச் சொன்னேன். சிறு கோணத் தோராயப்படி விடை 0.5. ஆனால் அந்த காஸ் 1-ஐவிட 5×10⁻¹⁷ மட்டுமே குறைவு. 14 இலக்கத்திலும் அது 1, 15 இலக்கத்திலும் 1. கழித்தால் 0. மேலே இருக்கும் 1 − காஸ் θ-வை 2 சைன்²(θ/2) என்று மாற்றி எழுதினால் இரண்டு கருவியிலும் 0.5 வந்துவிடும். உயர்நிலைப் பள்ளியில் ஏ-மேத்ஸில் (கூடுதல் கணிதத்தில்) படித்த அதே சூத்திரம்தான்.