துண்டா, பர்ஸா, பஞ்சா: டிரம்ஸின் இழுவையை எதைக் கொண்டு அடக்குவது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு துண்டுக்குத்தான். மற்றவற்றையும் வைத்து வாசித்துப் பார்த்த பிறகுதான் இந்த முடிவுக்கு வந்தேன்.

சிறிய அறையில் ஸ்நேரை (அடியில் கம்பிச்சரம் கட்டிய சின்ன டிரம்மை) தட்டினால் 'டக்' என்று நிற்காது, 'டங்ங்' என்று இழுக்கும். அடிநாதம், அதாவது டிரம்மின் அடிப்படையான கனத்த ஒலி, எழும்போது தோலின் நடுப்பகுதிதான் அதிகம் அசைகிறது. காதைக் குத்தும் மேல் ஒலிகளுக்கோ ஓரப்பகுதி நிறைய அசைகிறது. அதனால் ஓரத்தில் கொஞ்சம் பாரம் வைத்தாலே இழுவை அடங்கிவிடும், அடிநாதமும் பிழைத்துக்கொள்ளும். நடுவில் வைத்தால் எல்லாமே போய்விடும்.

1969இல் பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் பதிவுகளில் அதன் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் டாம்களின் (கம்பிச்சரம் இல்லாத டிரம்களின்) மேல் பாத்திரம் துடைக்கும் துணியைப் போர்த்தி வாசித்தார். 'கம் டுகெதர்' பாட்டின் தொடக்கத்தை ஹெட்போனில் கேளுங்கள்: ஈரமண்ணில் தட்டுவது போன்ற அந்தச் சத்தம் துணியின் வேலை. நம் வீட்டில் தேங்காய்ப்பூத் துண்டை முழுக்கப் போர்த்தினால் ஏறக்குறைய அங்கே போய்ச் சேரலாம். ஆனால் குச்சி துள்ளாது, கை சீக்கிரம் களைத்துவிடும். மெல்லிய ஈரிழைத் துண்டு இன்னும் நல்லது. அதை மடித்து நான்கு விரல் அகலத்துக்கு ஓரத்தில் போடுங்கள். போதவில்லையா, உள்ளே தள்ளுங்கள். அதிகமா, வெளியே இழுங்கள். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே பத்து வினாடியில் சத்தத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் துண்டின் பெரிய பலம்.

ஸ்நேருக்கு மட்டும் பர்ஸ் துண்டோடு சரிக்குச் சரியாகப் போட்டி போடும். அடி விழும்போது பர்ஸ் லேசாக எழும்பி, திரும்ப விழுந்து தோலை அமுக்கும். அந்த ஒரு நொடிக்குள் ஸ்நேர் முழுசாகப் பேசிவிடுகிறது, அப்புறம்தான் வாய் மூடுகிறது. ஒட்டிவைத்த எதிலும் இந்த அழகு கிடைக்காது. ஒரே சிக்கல், வேகமாக வாசிக்கும்போது பர்ஸ் நகர்ந்து குச்சிக்குக் கீழே வந்துவிடும்.

தரையில் கால் ஊன்றி நிற்கும் பெரிய ஃப்ளோர் டாமுக்குள் மூன்று நான்கு பஞ்சு உருண்டைகளைப் போடுவதும் இதே தத்துவம்தான்: அடித்ததும் எழும்பி, கீழ்த்தோலில் வந்து அமர்ந்து இழுவையைக் குறைக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் ஓர் உருண்டையைக் கூட்டவோ குறைக்கவோ தோலையே கழற்ற வேண்டும்.

தோலில் ஒட்டும் டேப்பை நான் இப்போது தொடுவதில்லை. நம் சித்திரை வெயிலில் பசை உருகி, உரித்த இடமெல்லாம் பிசுபிசுக்கும். இதற்கென்றே கடையில் விற்கும், தோலில் ஒட்டும் ஜெல் துண்டு தூசி படிந்தால் ஒட்டாது. கழுவினால் சரியாகிவிடும். காசு செலவழிக்காமல் நிரந்தரமாக ஏதாவது வேண்டுமென்றால், கிழிந்த பழைய தோலிலிருந்து ஓர் அங்குல அகல வளையம் வெட்டி மேலே வையுங்கள்.

காலால் மிதித்து அடிக்கும் பேஸ் டிரம்மில் கதை வேறு. அதற்கு உள்ளேதான் திணிக்க வேண்டும். 1966இல் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக், ரிங்கோவின் பேஸ் டிரம்முக்குள் கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து, மைக்கையும் நெருக்கமாக வைத்தார். தலையணையும் பரவாயில்லை. கிழித்த செய்தித்தாளையும் சிலர் போடுகிறார்கள். இவற்றில் ஸ்வெட்டர் எனக்குப் பிடிக்கும், தோலைத் தொடும் அளவை இழுத்துச் சரிசெய்யலாம். மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது தாழ்ந்த ஒலி தரும் பக்கத்தில், ரவையைக் குழைத்து அப்பி, கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுக்கிறோமே, அதுவும் அன்றைக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் பாரம் ஏற்றும் முறைதான்.

அலங்காரத்துக்கு வருவோம். ரிங்கோவின் லட்விக் கம்பெனி செட்டில் முத்துச்சிப்பிபோல் மின்னியது மரத்தின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாள். இன்று ஒட்டும் வினைல் தாளில் அதைச் செய்யலாம், சுங்குடித் துணியிலும் செய்யலாம். துணி பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் துணியும் பசையும் சேர்ந்து ஷெல்லை, அதாவது டிரம்மின் மர உடலை, தடிமனாக்கினால் தோல் உள்ளே இறங்காது, சுருதியே நிற்காது. வினைலில் இந்தத் தொல்லை குறைவு. எதை ஒட்டினாலும் தோல் உட்காரும் விளிம்புக்குச் சற்றுக் கீழேயே நிறுத்திவிடுங்கள். அடிக்கும் தோலில் பெயின்ட் வேண்டாம், உதிரும். உலோகத் தட்டான சிம்பலில் ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம், அந்த மினுமினுப்பான ஒலி செத்துவிடும்.

படம் வரைய ஆசையா, பேஸ் டிரம்மின் முன்தோல் இருக்கிறது. 1920களில் அமெரிக்க நடன இசைக்குழுக்கள் அதில் ஏரி, மலை, நிலவு என்று தீட்டி, உள்ளே பல்பு எரியவிட்டன. படமும் ஒளிர்ந்தது, ஈரப்பதத்தில் கன்றுத்தோல் தளராமல் அந்தச் சூடும் காத்தது. பறையைத் தீயில் காய்ச்சிய கைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் தோலுக்குச் சூடு தேவையில்லை என்பதால் இன்று எல்.ஈ.டி. பட்டை போதும். ஒயரை மட்டும் ஸ்வெட்டருக்கு அடியில் செருகிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் ஷெல்லில் பட்டு 'டிக் டிக்' என்று கேட்கும்.