சர்ஃபேஸ் கிளீனப்: ஹைப்பர்மெஷ், ஆன்சா, ஸ்பேஸ்கிளெய்ம், ஜிமெஷ்

கணினியில் வண்டி மோதலைக் கணக்கிடும் ஒரு கிராஷ் மாடலைப் படுத்தியெடுக்க 0.4 மி.மீ. அகலமுள்ள சர்ஃபேஸ் (பரப்பு) துண்டு ஒன்று போதும். எஃகில் ஒலி நொடிக்குச் சுமார் 5,000 மீட்டர் போகும். வடிவத்தின் மேல் போடும் கணக்கு வலைதான் மெஷ், அதன் ஒரு கட்டம் எலிமென்ட். ஒலி ஒரு எலிமென்ட்டைக் கடக்கும் நேரத்துக்குள் கணக்கின் ஒவ்வொரு அடியும், அதாவது டைம் ஸ்டெப், அடங்க வேண்டும். அந்தக் கணக்கில் 5 மி.மீ. எலிமென்ட்டுக்கு டைம் ஸ்டெப் ஏறத்தாழ 1 மைக்ரோசெகண்ட். அந்தத் துண்டின் மேல் மெஷ் விழுந்தால் 0.08க்கு இறங்கிவிடும். சால்வர் (கணக்குப் போடும் நிரல்) ஓடும் நேரம் 12 மடங்காகும், அல்லது டைம் ஸ்டெப்பைத் தக்கவைக்க மாஸ் ஸ்கேலிங்கில் இல்லாத எடையை ஏற்ற வேண்டிவரும். துண்டை எப்படி ஒழிப்பது என்பதில்தான் இந்த நான்கு சாஃப்ட்வேரும் பிரிகின்றன.

ஹைப்பர்மெஷும் ஆன்சாவும் வடிவத்தை அவ்வளவாகத் தொடாமல் ஓரங்களைச் சரிசெய்யும் கட்சி. ஹைப்பர்மெஷில் எஃப்11 தட்டி, டாகிள் எடுத்து, சிவப்பு எட்ஜை (பக்கத்துப் பரப்போடு ஒட்டாத ஓரம்) ஒரு கிளிக் செய்தால் பச்சையாகும். இரண்டு சர்ஃபேஸும் ஒட்டிவிட்டன. இன்னொரு கிளிக்கில் சப்ரெஸ் ஆகும்: கோடு இருக்கும், மெஷ் அதைக் கண்டுகொள்ளாது. கிளீனப் டாலரன்ஸை (எவ்வளவு இடைவெளிவரை ஒட்டலாம் என்ற வரம்பு) மட்டும் எலிமென்ட் அளவில் 15–20 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. ஏற்றினால் ஒட்டக் கூடாததெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

ஆன்சாவிலும் இதே வேலைதான், நிறம்தான் காலை வாரும். ஹைப்பர்மெஷில் மஞ்சள் என்றால் மூன்று, அதற்கு மேற்பட்ட சர்ஃபேஸ் கூடும் இடம். ஆன்சாவில் மஞ்சள்தான் ஒழுங்கான, இரண்டு ஃபேஸ் சேர்ந்த ஓரம். மூன்று கூடினால் சியான். ஹைப்பர்மெஷிலிருந்து ஆன்சாவுக்கு வருபவர் திரை முழுக்க மஞ்சளைப் பார்த்து மாடலே பாழ் என்று நினைப்பார். நல்லவேளை, சிவப்புக்கு இரண்டிலும் ஒரே பொருள். முழு பாடி-இன்-ஒயிட் (காரின் வெறும் தகட்டுக் கூடு), நூற்றுக்கணக்கான தகடு என்றால் என் ஓட்டு ஆன்சாவுக்கு. பெரிமீட்டரை (மெஷ் பரப்பின் எல்லைக்கோடு) ஜாயின் செய்தால் மெஷ் பரப்புகள் ஒன்றாகும், அடியில் ஃபேஸ் அப்படியே கிடக்கும், மனம் மாறினால் திரும்பலாம். (2024இல் ஆன்சா கேடன்ஸ் கைக்கும், 2025இல் ஹைப்பர்மெஷ் சீமென்ஸ் கைக்கும் போயின. லைசென்ஸ் பேச உட்காருபவர்கள் இதையும் கணக்கில் வைக்கட்டும்.)

ஸ்பேஸ்கிளெய்ம் நேர் எதிர். அங்கே வடிவமே மாறும். ஃபில்லெட்டை (மூலையை மழுக்கும் வளைவு) தேர்ந்து ஃபில் கொடுத்தால் அது மறைந்து, பக்கத்து முகங்கள் நீண்டு சந்தித்துக்கொள்ளும். வார்ப்பு, இயந்திரப் பாகம் போன்ற சாலிட்களுக்கு இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது. ஆனால் உள்மூலை ஃபில்லெட்டில் கை வைக்கும்போது யோசியுங்கள். அது போனால் மூலை கூர்மையாகும். மெஷ்ஷை நுணுக்க நுணுக்க அங்கே ஸ்ட்ரெஸ் ஏறிக்கொண்டே போகும், எந்த எண்ணிலும் நிற்காது. ஃபெட்டீக் (திரும்பத் திரும்ப வரும் சுமையால் விரிசல் விடுவது) பார்க்கும் வேலையில் நான் அதைத் தொடவே மாட்டேன். டிசைனர் புது வெர்ஷன் அனுப்பினால் செய்த திருத்தத்தைப் பெரும்பாலும் மறுபடி செய்ய வேண்டும் என்பதும் உண்டு.

ஜிமெஷ் இலவசம், கையால் தட்டிக்கொட்டும் வசதி குறைவு. ஓப்பன்கேஸ்கேட் என்ற வடிவ நூலகம் வழியாக ஸ்டெப் ஃபைலை (கேட் மாடலைப் பரிமாறும் பொது வடிவம்) வாசித்து, சின்ன எட்ஜ், சின்ன ஃபேஸ்களைச் சரிசெய்யச் சொல்லலாம். காம்பவுண்ட் சர்ஃபேஸ் என்று ஒரு வரி எழுதினால் பல முகங்களை ஒன்றாகப் பாவித்து மெஷ் போடும். ஒரே மாதிரிப் பாகத்தை ஐம்பது அளவுகளில் ஓட்டுபவருக்கு இதுதான் சரி. ஒரே தொல்லை: கேட் மாடல் (கணினியில் வரைந்த வடிவம்) மாறினால் முகங்களின் எண்ணும் மாறிப்போகலாம், ஸ்கிரிப்ட் வேறெதையோ பிடித்து இழுக்கும். எண்ணை நம்பாமல் பவுண்டிங் பாக்ஸ் (முகம் இருக்கும் இடத்தைச் சுற்றிய பெட்டி) கொடுத்து முகத்தைத் தேடச் சொல்லுங்கள்.