‘650 கிராம் குறையும் சார்’: எடை குறைந்த சக்கரத்துக்கு ஆசைப்பட்ட கதை

கியர் இல்லாத ஒற்றை வேக சைக்கிள் என்னுடையது. வேலைக்குப் போய்வர தினமும் 18 கிலோமீட்டர். ஆறு வருடமாக ஒரே ஜோடிச் சக்கரங்கள்: இரட்டைச் சுவர் ரிம், முன்னும் பின்னும் 36 கம்பிகள். பின்சக்கரத்தில், கம்பியை ரிம்மோடு இணைத்து முறுக்கும் நிப்பிள்களில் ஒன்று மட்டும் கறுப்பு, மற்றவை வெள்ளி நிறம். எப்போதோ ஒன்று உருண்டுபோனபோது கையில் கிடைத்ததைப் போட்டு முறுக்கியது. அந்தச் சக்கரங்களால் எனக்குப் பெரிய தொல்லை ஒன்றும் இருந்ததில்லை. தொல்லை மனத்தில்தான் தொடங்கியது. எடை குறைந்த சக்கரம் போட்டால் சைக்கிள் பறக்கும் என்று பலர் சொல்லக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் கடை ஏறிவிட்டேன்.

கடைக்காரர் நன்றாகப் பேசினார். என் சக்கரங்கள் இரண்டையும் கழற்றித் தராசில் வைத்தார். 2,540 கிராம். புதிய ஜோடியின் அட்டையைக் காட்டினார். 1,890. “650 கிராம் குறையும் சார். அதுவும் சுழலும் எடை. வித்தியாசத்தை முதல் மிதியிலேயே உணர்வீர்கள்” என்றார். முன்னால் 20 கம்பி, பின்னால் 24. இரு முனையிலும் தடித்து நடுவில் மெலிந்த உயர்ரகக் கம்பி என்றார். பழைய சக்கரங்களை எடுத்துக்கொண்டு விலையில் கொஞ்சம் கழித்துத் தருவதாகவும் சொன்னார். தலையாட்டினேன். என் எடை என்ன, பையில் எவ்வளவு சுமப்பேன், எப்படிப்பட்ட சாலை என்று அவர் கேட்கவில்லை. கேட்காததை நானும் கவனிக்கவில்லை.

முதல் வாரம் பறப்பதுபோலத்தான் இருந்தது. புதிய டயரில் காற்று நிறைய அடித்திருந்ததும், காசு கொடுத்தவனின் நம்பிக்கையும் சேர்ந்து செய்த வேலை அது என்று இப்போது தோன்றுகிறது. இரண்டாவது வாரத்தில் பின்சக்கரம் பிரேக் கட்டையில் லேசாக உரசத் தொடங்கியது. மூன்றாவது வார முடிவில், ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தபோது ‘டணங்’ என்று ஒரு சத்தம். கம்பி ஒன்று, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பை ஒட்டிய வளைவில் முறிந்திருந்தது.

36 கம்பிச் சக்கரத்தில் ஒன்று போனால், பிரேக்கைத் தளர்த்திவிட்டு மெல்ல வீடு போய்ச் சேரலாம்; எனக்கே அப்படி ஒருமுறை நடந்திருக்கிறது. 24 கம்பியில் அந்தச் சலுகை கிடையாது. ரிம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு பின்சட்டத்தில் போய் இடித்தது. ஆறு கிலோமீட்டர் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தபடி தள்ளிக்கொண்டு நடந்தேன். அந்த நடையில் எடைக்குறைவின் பயன் கொஞ்சம் தெரிந்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

கடையில் முகம் மாறியிருந்தது. “குழியில் விட்டிருப்பீர்கள்.” இல்லை என்றேன். “உங்கள் எடை என்ன?” என்று அப்போதுதான் கேட்டார். 76 என்றதும், உள்ளேயிருந்து ஒரு தாளை எடுத்து வந்து விரலால் ஓர் இடத்தைச் சுட்டினார். ஓட்டுபவர், சுமை, சைக்கிள் மூன்றும் சேர்த்து 85 கிலோவுக்கு மேல் கூடாதாம். நான் 76, சைக்கிள் 10, பை 5; ஆக 91. அந்தத் தாள் சக்கரத்தோடு பெட்டிக்குள் வந்தது. விற்கும்போது என்னிடம் தராமல், உத்தரவாதத்தை மறுக்க மட்டும் வெளியே எடுத்திருக்கிறார்.

அதன்பிறகு எனக்குத் தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவரிடம் சக்கரத்தைக் கொண்டுபோனேன். அவர் முதலில் செய்தது கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டியதுதான். நன்றாகக் கட்டிய சக்கரத்தில் ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்கும். இதில் ஒன்று கணீரென்றது, அடுத்தது மொத்தென்றது. “இழுப்பே இல்லையே தம்பி. அவசரத்தில் கோர்த்து, கோட்டம் மட்டும் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்” என்றார்.

கம்பி முறிவதற்குக் காரணம் அதிக இழுப்பு என்று நான் நினைத்திருந்தேன். நேர்மாறாம். சக்கரம் சுழலும்போது தரையை நோக்கி வரும் கம்பி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தளர்ந்து, மேலே போகும்போது மறுபடி இறுகுகிறது. முதலிலேயே போதிய இழுப்பு இருந்தால் இந்த ஏற்ற இறக்கத்தை அது தாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் முழுக்கத் தொய்ந்து, ஹப் வளைவில் ஆடி ஆடி, உலோகம் களைத்து முறியும். நிப்பிளும் தானாகக் கழலும். 28 மில்லிமீட்டர் டயர் போட்ட, 700சி என்னும் அளவுச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் போகும். கிலோமீட்டருக்கு 470 சுற்றுக்கு மேல். மூன்று வாரத்தில் என் சக்கரம் ஒன்றரை லட்சம் முறை அப்படித் தொய்ந்து இறுகியிருக்கும். கம்பிகள் குறையக் குறைய ஒவ்வொன்றும் தாங்கவேண்டிய பங்கும் கூடுகிறது.

எனக்கு வயிறெரிந்தது வேறொன்றில். கியர் சைக்கிளின் பின்சக்கரத்தில் பல்சக்கர அடுக்குக்கு இடம் விட வேண்டியிருப்பதால் ரிம் ஹப்பின் வலப்பக்க விளிம்பை நெருங்கி நிற்கும். வலப்பக்கக் கம்பிகள் இறுக்கமாகவும் இடப்பக்கத்தவை தளர்வாகவும் இருக்கும். ஒற்றை வேக சைக்கிளுக்கு அந்தச் சங்கடம் இல்லை. இரு பக்கமும் சமச்சீராகக் கட்டலாம், எல்லாக் கம்பியும் சமமாகப் பாரம் சுமக்கும். கியரைத் துறந்தவனுக்குக் கிடைக்கும் பெரிய லாபமே அந்த உறுதிதான். அதைக் கொண்டுபோய் 24 தொளதொளக் கம்பிகளுக்கு மாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மெக்கானிக் வெர்னியர் காலிப்பரை வைத்துக் கம்பியின் தடிமனைப் பார்த்தார். முனையில் 1.8 மில்லிமீட்டர், நடுவிலும் 1.8. முனை தடித்த உயர்ரகம் என்றது பொய். பிறகு எடை. டயர், டியூப், ஃப்ரீவீல் (செயின் ஓடும் பின் பல்சக்கரம்), நட்டு, ரிம் நாடா எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தராசில் வைத்தால் 2,010 கிராம். அட்டை சொன்ன 1,890 அல்ல. அப்போதுதான் கடைத் தராசின் சூட்சுமமும் விளங்கியது. என் பழைய சக்கரங்களை டயர், டியூபை மட்டும் கழற்றிவிட்டு, ஃப்ரீவீல், நட்டு, நாடாவோடு நிறுத்தியிருக்கிறார். அவை மட்டும் 370 கிராம். கழித்துப் பார்த்தால் பழைய ஜோடி 2,170. நான் உண்மையில் குறைத்தது 160 கிராம். அரை டம்ளர் தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே.

சொன்னபடி 650 கிராமே குறைந்திருந்தாலும்தான் என்ன? ரிம்மில் குறையும் எடை வேகம் எடுக்கும்போது ஏறக்குறைய இரு மடங்காகக் கணக்காகும் என்பது உண்மைதான். குறைந்தது முழுவதும் ரிம்மில்தான் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 1.3 கிலோ, 91 கிலோவில் ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவு. சீரான வேகத்தில் ஏற்றம் ஏறும்போது அந்த இரு மடங்கும் கிடையாது. பந்தயத் தளத்தில் ஓட்டுபவருக்கு அது முக்கியமாக இருக்கலாம். வழவழப்பான தளம், சுமை இல்லை, அடிக்கடி சக்கரத்தைச் சோதிக்க ஆளும் இருக்கும். பையில் மதியச் சாப்பாட்டோடு போகும் எனக்கு எதற்கு?

சக்கரம் வாங்கப் போகிறவர்கள் தராசில் எதை எதோடு நிறுக்கிறார்கள் என்று பாருங்கள். எடை வரம்புத் தாளைக் காசு கொடுக்கும் முன் கேளுங்கள். விரலால் கம்பிகளைச் சுண்டிப் பாருங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள். கொஞ்சம் எடை குறைத்தே ஆக வேண்டுமென்றால் முன்சக்கரத்தில் குறையுங்கள். பாரத்தில் பெரும்பங்கு பின்னால்தான் விழுகிறது, அங்கே 32 கம்பிக்குக் கீழே போகாதீர்கள். பழைய சக்கரத்தை அன்றே கொடுத்துவிடாதீர்கள்.

கடைசி முறை போனபோது பணம் திரும்பத் தர மறுத்துவிட்டார். “உங்களைப் போன்றவர்களுக்கு உறுதியான சக்கரம்தான் சரி” என்று சுவரில் தொங்கிய ஒரு ஜோடியைக் காட்டினார். ‘தினசரி ஓட்டத்துக்கு ஏற்றது, நெடுநாள் உழைக்கும்’ என்று அட்டை கட்டியிருந்தது. பின்சக்கரத்தில் ஒரு நிப்பிள் மட்டும் கறுப்பு. எனக்குக் கழித்துத் தந்த தொகையைப்போல் இரு மடங்கு விலை.

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ரசீது பத்திரமாக இருக்கிறது. ‘பழைய பொருள், உத்தரவாதம் இல்லை’ என்று முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள்.