நீர்த்தேக்கத்தில் பாய்மரப் படகு: லண்டன் பக்கத்து கிளப் ஒன்றில் சேரலாமா?

ஹீத்ரோவைச் சுற்றியுள்ள பெரிய குடிநீர்த் தேக்கங்களில் ஒன்றில் இயங்கும் கிளப்பில் குடும்பத்தோடு உறுப்பினராக இருக்கிறேன். குறையும் சொல்லப்போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். பாய்மரப் படகு என்றதும் பணக்காரர் சமாச்சாரம் என்று நம்மவர்கள் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். கடலில் ஓடும் கேபின் வைத்த யாட்டுக்கு அது பொருந்தலாம், இங்கே ஓடுவது ஒருவரோ இருவரோ ஏறும் டிங்கி என்ற சின்னப் படகு, அதில் ஒரு வகையான லேசரில் பழையது ஒன்றை செகண்ட் ஹேண்டில் சில நூறு பவுண்டுக்கே வாங்கலாம்.

முதலில் இடம். இந்தத் தேக்கங்கள் தரைக்கு மேலே கரை எழுப்பிக் கட்டியவை (இவற்றில் பரப்பில் பெரியதான குவீன் மேரி 1925-ல் திறக்கப்பட்டது), சாலையில் போகிறவருக்குப் புல்மேடு மட்டும்தான் தெரியும், மேலே ஏறினால் வீட்டுக் கூரைகளுக்குச் சமமாகத் தண்ணீர் நிற்கும். மரமோ கட்டடமோ மறைக்காததால் காற்று நன்றாகவே வரும். ஆனால் காற்று வரும் பக்கத்துக் கரையை ஒட்டிப் போனால் அது திசை மாறி மாறி அடிக்கும், திடீரென்று செத்தும் போகும். எதிர்க்கரையில் அலை கான்கிரீட்டில் மோதித் திரும்பி வந்து படகைக் குலுக்கும். உள்நாட்டுத் தண்ணீர்தானே, சும்மா மிதக்கலாம் என்று யாரும் வர வேண்டாம்.

கிளப்பின் உயிர் ஞாயிற்றுக்கிழமை ரேஸ். வேகப் படகும் ஆமைப் படகும் ஒன்றாகவே ஓடும், ஒவ்வொரு வகைக்கும் அதன் வேகத்தைப் பொறுத்து போர்ட்ஸ்மத் எண் என்று ஒன்று உண்டு, லேசருக்கு சுமார் 1100, சிறுவர்கள் ஓட்டும் டாப்பருக்கு 1350-க்கு மேல். எடுத்த நேரத்தை 1000-ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுப்பார்கள். அதாவது லேசர் 44 நிமிடத்தில் முடித்தால் கணக்கில் 40 நிமிடம்தான். கரைக்கு முதலில் வந்தவர் காப்பி குடித்துக்கொண்டு இருப்பார், கணக்கு முடிந்ததும் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி அவரைத் தோற்கடித்திருப்பாள். இதற்காகவே சேரலாம் என்பேன்.

லேசரைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது அதிகாரப்பூர்வப் பெயர் ஐஎல்சிஏ, கிளப்பில் எல்லோருக்கும் இன்னும் லேசர்தான். ஒரே உடல், பாய் 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர் என்று மூன்று அளவு, எடைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம். சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியது இதில் நடுப் பாய் போட்ட வகையைத்தான். அந்த வகைப் படகு இங்கே டிராலிகளில் வரிசையாக நிற்பதைக் காட்டினால் பிள்ளைகளுக்கு ஒரு சந்தோஷம்.

சரி, குறை. விளம்பரத்தில் பெரிதாகச் சொல்லாத விஷயம் டியூட்டி. சந்தா கட்டியபின் வருடத்தில் சில நாள் நீங்களும் வேலை செய்ய வேண்டும்: மீட்புப் படகில் உட்காருவது, ரேஸ் நடத்துபவருக்கு உதவியாகப் பாய் எண்களை எழுதுவது, கொடி ஏற்றுவது. ரேஸ் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு கொடி, நான்கில் நீலத்தில் வெள்ளைச் சதுரம் போட்ட கொடி, ஒன்றில் அது இறங்கும், பூஜ்யத்தில் ஹார்ன். பிப்ரவரிக் குளிரில் விரல் மரத்துப்போய் அந்தக் கயிற்றை இழுத்துப் பார்த்தால் தெரியும். டியூட்டியே எனக்குக் குறையில்லை, எல்லோரும் கை கொடுப்பதால்தான் கட்டணம் இந்த அளவில் நிற்கிறது. புது ஆட்களுக்கு யாரும் சொல்லித்தராமல் பட்டியலில் பெயரைப் போட்டுவிடுவதுதான் எரிச்சல். கிளப் படகுகளின் நிலைமையும் சுமார்தான், கயிறு நைந்திருக்கும், கட்டப் போனால் மாட்டும் ஊசி ஒன்று காணாமல் போயிருக்கும்.

கோடைக் கடைசியில் தண்ணீர் மட்டம் இறங்கினால் படகு இறக்கும் சரிவு நீண்டு, பாசி பிடித்து வழுக்கும். நீலப்பச்சைப் பாசி வந்துவிட்டால் தண்ணீரில் இறங்கவே விடமாட்டார்கள். இதில் கிளப்பைத் திட்டிப் பயனில்லை. பாண்டூன் (படகு கட்டும் மிதவை மேடை) முழுக்க வாத்து எச்சம், அதற்கு யாரையாவது திட்டலாம்.

மாதம் ஒருமுறை குடும்பத்தோடு சுற்ற நினைப்பவர்கள் சந்தா கட்ட வேண்டாம், மணிக்கணக்கில் வாடகைக்குப் படகு தரும் இடத்துக்குப் போங்கள். வாராவாரம் வர முடியும், பிள்ளைக்கு எட்டு பத்து வயது ஆகிறது என்றால் தயங்காமல் சேருங்கள். அதற்கு முன்னால் ஆர்ஒய்ஏ (பிரிட்டனின் படகோட்டச் சங்கம்) நடத்தும் பயிற்சியில் லெவல் ஒன்று, இரண்டு முடித்துவிடுவது நல்லது, வழக்கமாக ஒவ்வொன்றும் இரண்டு நாள். தண்ணீரில் குளிர் தாங்கப் போடும் வெட்சூட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அப்புறம் கேன்டீனில் சைவத்துக்குச் சீஸ் டோஸ்டைத் தாண்டி எதுவும் கிடைக்காது, புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள், பங்கு கேட்பார்கள், கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துப் போங்கள்.