திருவான்மியூரில் பெற்றோரே நடத்தும் விளையாட்டுப் பள்ளி: ஓராண்டு அனுபவம்

என் மகளுக்கு மூன்று வயது நிறைந்தபோது அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர் பகுதிகளில் ஏழு மழலையர் பள்ளிகளைப் பார்த்தோம். பெரும்பாலானவற்றில் முதல் நாளே நோட்டுப் புத்தகங்களின் பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். கடைசியில், திருவான்மியூரில் ஒரு பழைய வீட்டின் தரைத்தளத்தில், பெற்றோர்களே சங்கமாகச் சேர்ந்து நடத்தும் இந்தப் பள்ளியில் சேர்த்தோம்.

குழந்தைகள் 22 பேர். சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஆசிரியைகள் இருவர். கணக்கு எழுதுவது, சிற்றுண்டிக்குக் கொண்டைக்கடலை அவிப்பது, மணல் தொட்டியைச் சலிப்பது ஆகிய மற்ற வேலைகள் எல்லாம் பெற்றோருடையவை. ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒருவர் மாதத்தில் இரண்டு காலைகள் அங்கேயே இருக்க வேண்டும். அதை 'முறை நாள்' என்கிறார்கள். இந்த ஏற்பாடு உலகுக்குப் புதிதன்று. சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் மனைவியர் 12 பேர் 1916-இல் இப்படியொரு பள்ளியைத் தொடங்கினார்கள்; நியூசிலாந்தில் 1941-இல் தொடங்கிய பெற்றோர் விளையாட்டு மையங்கள் இன்றும் நடக்கின்றன. தன் பெயரால் அறியப்படும் குழந்தைக் கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த ஊர் என்பதாலோ என்னவோ, கேள்விப்படுகிறவர்கள் எல்லாரும் "இது மாண்டிசோரியா?" என்றே கேட்கிறார்கள். இல்லை. வரிசைப்படி கற்றுத்தரும் சாதனங்கள் இங்கே கிடையாது. மணல், தண்ணீர், துணி, மரக்கட்டை, புளியங்கொட்டை ஆகியவற்றை வைத்துக்கொண்டு என்ன விளையாடுவது என்பதைக் குழந்தைகளே முடிவு செய்கிறார்கள்.

என்னுடைய முதல் முறை நாளில் ஒரு சிறுவன், கண்ணில் துளை விழுந்த கொட்டாங்கச்சியில் தண்ணீர் நிரப்ப முயன்றுகொண்டிருந்தான். துளையில்லாத வேறொன்றை எடுத்துக் கொடுக்க நான் எழுந்தேன். "கொஞ்சம் பொறுங்கம்மா, அவனே பார்க்கட்டும்" என்று ஆசிரியை தடுத்தார். சிறிது நேரத்தில் அவன் துளையை விரலால் அடைத்தான், தண்ணீர் நின்றது. விரலை எடுத்தான், கால் மேல் ஒழுகியது. அடைப்பதும் திறப்பதுமாக ஏறக்குறைய இருபது நிமிடங்கள் அவன் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. கட்டணத்தைவிட அதிகமாக இந்தப் பள்ளி பெற்றோரிடம் கேட்பது இப்படிக் கைகட்டிக் காத்திருப்பதைத்தான். எனக்கு அது வசப்பட நான்கு மாதங்கள் ஆயின. மற்றபடி, பல்லாங்குழியில் குழிக்கு ஐந்து ஐந்தாகப் போட்டுப் பழகிய என் மகள், இப்போது வீட்டில் யாரும் சொல்லாமலே ஆளுக்கு இரண்டு என்று சப்பாத்தியைப் பங்கிடுகிறாள்.

குறைகளும் உண்டு. முறை நாளில் தன் அம்மா பிறர் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதைப் பல குழந்தைகளால் தாங்க முடிவதில்லை. என் மகள் முதல் இரண்டு முறையும் அழுது, மற்றொரு குழந்தையை அடித்தும்விட்டாள். மாதக் கூட்டம் சில நேரம் அளவில்லாமல் நீள்கிறது. சிற்றுண்டிக்கு பிஸ்கட் தரலாமா என்பதைப் பற்றி மட்டுமே இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறோம். எனக்கு மிகவும் வருத்தம் தந்தது வேறொன்று. பெருங்குடியில் வேலை பார்க்கும் ஒரு தாய், மாதம் இரண்டு நாள் விடுப்பு கிடைக்காததால் மூன்றாம் மாதமே குழந்தையை நிறுத்திக்கொண்டார். தாத்தா பாட்டி வந்தாலும் முறை நாளாகக் கணக்கில் கொள்ளலாம், வர இயலாதவர்கள் கணக்கு வேலையை இரவில் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று விதியை மாற்றும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்; அடுத்த கூட்டத்தில் பேசப்போகிறார்கள். அது மாறாதவரை, அலுவலகத்தில் விடுப்பு எளிதில் கிடைக்கும் குடும்பங்களுக்கே இந்தப் பள்ளி பொருந்தும் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எட்டு வயதுவரை விளையாட்டுவழிக் கல்வியே அடித்தளம் என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சொன்னாலும், எல்.கே.ஜி. சேர்க்கையின்போது எழுத்தறிவைச் சோதிக்கும் பள்ளிகள் நகரில் இருக்கின்றன. அத்தகைய பள்ளியை மனத்தில் வைத்திருப்பவர்கள் அதை முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது. நாங்கள் இன்னும் ஓராண்டு இங்கேயே தொடர்கிறோம். சேர்க்கைக்கு முன் ஒரு காலை முழுவதும் உட்கார்ந்து பார்க்க அனுமதிக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் இடம் பிடியுங்கள், நனைந்தாலும் பரவாயில்லை என்னும்படியான உடையில் செல்லுங்கள்.